கப்பல் ஏணி வரைக்கும்

செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வா பிள்ள. கையக் கழுவிக்கோ, சோப்பு அந்தச் சன்னல் மேல இருக்கு. பேரு என்ன சொன்ன? பூரணியா? நல்ல பேரு. ஏஜென்சியில எல்லாத்தையும் சொல்லித்தான அனுப்பியிருப்பாவ? எங்க சொல்லியிருக்கப் போறாவ. ஆள அனுப்பிட்டா அவியளுக்கு வேல முடிஞ்சிது. நானே சொல்லுதேன், இந்த ஸ்டூல்ல உக்காரு. இருட்டுறதுக்குள்ள உனக்கு எல்லாம் வெளங்கியாகணும். ஏழு மணிக்கு லைவ் இருக்கு.

இந்தக் கட்டில்ல கெடக்கா பாரு, இதுதான் எங்க அக்கா. பெர்சிஸ் டீச்சர்னா பாளையங்கோட்டையில தெரியாத ஆள் கிடையாது. ஒரு தலைமுறைப் பொம்பளப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவ. போன வருசம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட பக்கவாதம் அடிச்சுட்டு. கை கால் போச்சு, பேச்சு போச்சு. காது மட்டும் பாம்புக் காது, நாம அடுப்படியில பேசுனாலும் கேக்கும். கண்ணும் நல்லாத்தான் இருக்கு. இப்ப மூடியிருக்கத வச்சுத் தூங்குதான்னு நெனச்சிராத. தூக்கமில்ல, வீம்பு. காலையில இருந்து இதே வீம்புதான். கஞ்சிய வாய்க்கிட்ட கொண்டு போனா பல்ல இறுக்கிக்கிடுதா. மூக்குல குழாய் வச்சிருந்தாவ, நான்தான் எடுக்கச் சொல்லிட்டேன். படத்துல அசிங்கமாத் தெரியுது பாத்துக்கோ. டாக்டர் சத்தம் போட்டாரு. போடட்டும், அவரா வந்து படம் எடுக்கப் போறாரு?

நான் தங்கச்சி. பேரு தொற்காள், பைபிள்ல உள்ள பேரு. அவளுக்குப் பெர்சிஸ், எனக்குத் தொற்காள். பேரு வைக்கும்போதே எங்க வீட்டுல எது எப்பிடின்னு நீயே தெரிஞ்சுக்கோ. ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தப்ப அதையே இங்கிலீஷ்ல டார்கஸ்னு சொல்லிக்கிட்டேன், அது கொஞ்சம் ஸ்டைலா இருக்கும். வீட்டுக்காரரு போன பொறவு இங்கன வந்துட்டேன். வீடு அக்கா பேர்லதான் இருக்கு. ஆனா யாரு யாரப் பாத்துக்கிடுதாவன்னு இனி நீ பாக்கத்தான போற.

நீ இங்கிலீஷ் படம் பாப்பியா? இப்ப வாற வெடிகுண்டுப் படம் இல்ல. அந்தக் காலத்து ஹாலிவுட். கறுப்பு வெள்ளை. ஆம்பளைய எல்லாம் கோட்டும் தொப்பியுமா இருப்பாவ, பொம்பளைய சும்மா நின்னாலே ராணி நின்ன மாரி இருக்கும். பேரச் சொன்னா உனக்கு எங்க தெரியப் போவுது, விடு. எனக்கு அவிய எல்லாரும் சொந்தக்காரங்க மாரி. யாரு யாரக் கட்டுனா, யாரு யார விட்டுட்டுப் போனா, யாரு எப்பச் செத்தா, எல்லாம் அத்துப்படி. ஃபேஸ்புக்ல ஒரு குழுவே நடத்துதேன். 'ஹாலிவுட் பூஞ்சோலை'ன்னு பேரு. தெனம் காலையில ஒரு நடிகை படத்தப் போட்டு வணக்கம் சொல்லணும், அது எங்க குழு வழக்கம். பிறந்த நாளுன்னா கேக்கு படம். இறந்த நாளுன்னா எல்லாரும் வந்து 'ஆழ்ந்த இரங்கல்'னு எழுதணும். செத்து நாப்பது வருசம் ஆயிருக்கும், இருந்தாலும் எழுதுவாவ.

சிரிக்காத பிள்ள. அதுல ஒரு மரியாதை இருக்கு.

ஆனா உள்ளதச் சொல்லணும். ஆரம்பத்துல எம் படத்துக்கு நாலு பேரு கட்ட விரல் காட்டுனாப் பெரிசு. கோயம்புத்தூர்ல ஒரு பேங்க் மேனேஜர் இருக்காரு, ரிட்டையர் ஆன ஆளு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கலரு அடிச்சுப் போடுவாரு. கூட்டம் பூரா அங்க ஓடும். எங்கிட்ட இருக்கதெல்லாம் அசல் பாத்துக்கோ. அந்தக் காலத்து வெளிநாட்டுப் பத்திரிகையில இருந்து கத்தரிச்சது. மங்காம, மடங்காம பாதுகாத்து வச்சிருக்கேன். குழு என்னோடது, இதயம் எல்லாம் அவருக்கு. எனக்கு வயித்தெரிச்சலா இருக்காதா?

அந்தப் படமெல்லாம் எனக்கு எங்க கெடச்சுதுன்னு கேளு. தியோடர் சார் குடுத்தது. இங்க காலேஜ்ல இங்கிலீஷ் டியூட்டரா இருந்தாரு, எங்க தெருவுலதான் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாரு. ஆளு நல்ல ஒசரம், ஒல்லி, பேசும்போது கீழ பாத்துத்தான் பேசுவாரு. கப்பல்ல வேல பாத்த மாமா ஒருத்தரு அவருக்குப் பத்திரிகை கொண்டுவந்து குடுப்பாரு. அதுல இருந்து ஒவ்வொரு நடிகையாக் கத்தரிச்சு, புஸ்தகத்துக்கு நடுவுல வச்சு, 'அக்காட்ட குடுத்திரு தொற்கா'ன்னு எங்கையில தருவாரு. எனக்கு அப்பப் பதினேழு வயசு. நான்தான் தூது. புஸ்தகத்தக் கொண்டு போயி அக்காட்ட குடுத்திருவேன். படத்த நான் எடுத்து வச்சுக்கிடுவேன். பின்னால ஒண்ணும் எழுதியிருக்காது, திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன். வெறும் படம்தான? அவளுக்கு எதுக்கு அது? அவ மூஞ்சியே அந்த மூஞ்சிதான்.

ஆமா, அதச் சொல்ல விட்டுட்டேன். அக்கா அந்தக் காலத்துல ஒரு நடிகைய உரிச்சு வச்ச மாரி இருப்பா. அந்தச் சுருட்ட முடி, அந்தக் கண்ணு, மோவாய்ல அந்தக் குழி. ஜங்ஷன்ல போட்டோ ஸ்டூடியோக்காரன் இவ படத்தப் பெருசாக்கிக் கண்ணாடிக்குள்ள வச்சிருந்தான். போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போவான். அதே வாரம் எடுத்ததுதான் எம் படமும். அத மேசை டிராயர்ல வச்சிருந்தான். எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. சும்மா சொல்லுதேன்.

அந்தப் பிளாஸ்டிக் பைய இங்க எடு. சுருட்டமுடி விக்கு இருக்கும், பாத்து, சிக்கு விழுந்திராம எடு. கல்யாண மேக்கப் போடுற பொண்ணுகிட்ட வாங்குனது. பேசிக்கிட்டே வேலையப் பாப்போம்.

ஒரு ஞாயித்துக்கிழம. கோயில்ல ஆராதனை முடிஞ்ச உடனே பிரெண்டு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அக்கா போனா. அப்ப ஜங்ஷன் தியேட்டர்ல ஞாயித்துக்கிழம காலையில இங்கிலீஷ் படம் போடுவான். சாரும் அங்கதான். எனக்குத் தெரியும், ஏன்னா வரச் சொல்லிவிட்டதே எம் மூலமாத்தான. அப்பா வந்து, 'அக்காள எங்கட்டி?'ன்னு கேட்டாவ. நான் பொய் சொல்லலாமா? கோயில்ல பாட்டுப் பாடிட்டு வந்த வாயி. சொன்னேன். எந்தப் பக்கம் உக்காந்திருப்பாவன்னும் சொன்னேன். வயசான மனுசன் இருட்டுல தடவிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா?

அப்பா நேரா உள்ள போயி, டார்ச்ச மூஞ்சியில அடிச்சு, சடையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துட்டாவ. அக்கா அப்பதான் டீச்சரா சேந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைய சிலது பெஞ்சு டிக்கெட்டுல இருந்து எல்லாத்தையும் பாத்துதுவளாம். தியோடர் சார் என்ன செஞ்சாருன்னு நெனக்க? ஒண்ணும் செய்யல. திரையவே பாத்துட்டு உக்காந்திருந்தாராம். யாரோ எவளோ மாரி. இத அப்பா எங்க எல்லாருக்கும் கேக்கிற மாரி மூணு நாலு தடவ சொன்னாவ.

வீட்டுக்கு வந்து கத்திரிக்கோல எடுத்தாவ. ஒட்ட வெட்டுனாவ. அக்கா தலைய ஆட்டாமப் பிடிச்சுக்கிட்டது நான்தான். ரெண்டு கையாலயும் இந்தா, இப்பிடி. நான் மட்டும் பிடிக்கலேன்னா காது போயிருக்கும். இன்னைக்கு வரைக்கும் அவ வாயில இருந்து ஒரு நன்றி வந்தது கிடையாது.

அதோட எல்லாம் முடிஞ்சிது. சாரு வேற ஊருக்கு மாத்திட்டுப் போனாரு, கல்யாணம் கட்டுனாரு. அக்கா கட்டல. முடியும் வளக்கல. வெள்ளச் சேல, பள்ளிக்கூடம், கோயில், வீடு. மூஞ்சிக்குப் பவுடர் கிடையாது. சினிமான்னு ஒரு வார்த்த இந்த வீட்டுல பேசக் கூடாது. எனக்கு மாப்பிள பாத்துக் கட்டி வச்சதும் அவதான், இல்லேங்கல. மூத்தவளா இருந்தாச் செய்யத்தான வேணும்.

ஒரே ஒரு தடவ அந்தப் படத்தப் பத்தி வாயத் தொறந்தா. நான் கல்யாணமான புதுசுல மதுரையில அதே படத்தப் பாத்துட்டேன்னு லெட்டர்ல எழுதியிருந்தேன். என்னப் பாக்க வந்தவ, ஊருக்குக் கெளம்புற நேரத்துல, பஸ்ல ஏறுற படியில நின்னுக்கிட்டுக் கேட்டா. 'ஏட்டி, அந்தப் பொண்ணு கப்பல் ஏணியில கால வச்சிட்டுத் திரும்பிப் பாத்தாளே, அவன் வந்தானா?' அந்த எடத்துலதான் அப்பா டார்ச்சு அடிச்சது போல. அதுக்கு மேல அவ பாக்கல. நான், 'போக்கா, இதெல்லாம் ஒரு கேள்வியா'ன்னு சொல்லிட்டேன். கோயிலு ஜெபம்னு திரியுறவளுக்கு அது எதுக்கு? பஸ்ஸு கெளம்பிட்டு. பொறவு அவ கேக்கவே இல்ல.

இந்தா, தலையச் சாய்ச்சுப் பிடி. விக்கு நெத்தியில இறங்காம உக்காரணும். ஆங். கொண்ட ஊசி குத்துனா வலிக்கும்னு பாக்காத, அவளுக்கு எங்க தெரியப் போவுது.

இப்பக் குழுவுக்கு வாறேன். போன மழைக்காலத்துல ஒரு நாளு இதே ஸ்டூல்ல உக்காந்து போனப் பாத்துக்கிட்டு இருக்கேன், அந்தப் படத்துல இருந்து ஒரு துண்டு வந்து விழுந்துச்சு. ஏணிக் காட்சியேதான். சரி, பாவம், பாக்கட்டும்னு அக்கா கண்ணு முன்னால நீட்டுனேன். அம்மாடி! ரெண்டு கண்ணுல இருந்தும் தார தாரையா ஊத்துது. சத்தமே இல்ல. சத்தம் போடுறதுக்கு வாய் எங்க இருக்கு? எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பழைய போன எடுத்து அப்பிடியே பிடிச்சுக் குழுவுல போட்டேன். 'ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தன் கனவு நட்சத்திரத்தைக் காணும் என் அக்கா'ன்னு நல்லதா ஒரு வரி எழுதுனேன்.

நீ பாத்திருக்கணும். போனு டிங்கு டிங்குன்னு அடிச்சு ஓயல. இதயம்னா இதயம். 'கண்ணீரில் எவ்வளவு காதல்'ங்காவ. 'கலைக்கு மொழி இல்லை'ங்காவ. கனடாவுல இருந்து ஒரு பொம்பள, ஆபீஸ்ல உக்காந்து அழுதேன்னு எழுதுதா. பேங்க் மேனேஜரே வந்து கும்பிடு போட்டாரு. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, என் கல்யாணத்துக்குக் கூட அப்பிடி வந்தது கிடையாது.

அதுல இருந்து தெனம் சாயங்காலம் 'அக்கா நேரம்'. அவ பேரு போடல, வெறும் அக்காதான். குழுவுல உள்ளவிய கேக்க ஆரம்பிச்சாவ. இந்த நடிகரக் காட்டுங்க, அந்த நடிகையக் காட்டுங்கன்னு. காட்டுவேன். ஆனா மத்த எதுக்கும் கல்லு மாரி கெடப்பா. ஏணி வந்தாத்தான் தண்ணி வரும். அதனால ஏணியக் கடைசியில வைக்கது. அந்தப் பொண்ணு கால வச்சுத் திரும்பிப் பாக்கா, அங்கனயே நிறுத்திருவேன். அதுக்கு மேல ஓட விட்டு, முடிவத் தெரிஞ்சுக்கிட்டான்னா, மறுநாளு அழுவாளா? ஜனங்க வாறதே அதுக்குத்தான.

பொறவுதான் இந்த மேக்கப்பு யோசனை வந்துச்சு. வெறும் நோயாளி மூஞ்சிய எத்தன நாளு பாப்பாவ? லிப்ஸ்டிக்கு, புருவத்துக்கு மை, விக்கு. அந்த நடிகை மாரியே கழுத்துல ஒரு துணி. ஒரு குறும்புக்காரப் பயல் அந்த நடிகையோட படத்தையும் அக்கா படத்தையும் ஒண்ணாச் சேத்து, 'அன்று, இன்று'ன்னு போட்டுட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அக்காட்டயும் கொண்டு போயிக் காட்டுனேன். அவளும் குழுவுல ஒரு ஆளுதான, அவள மட்டும் ஒதுக்கி வைக்கலாமா?

இந்த உதட்டுச் சாயத்த நீ போடு பிள்ள, எனக்குக் கை நடுங்கும். ஓரம் தாண்டிப் போச்சுன்னா அசிங்கம். துண்ட வச்சுத் தொடச்சுக்கோ.

உனக்கு முன்னால ஒருத்தி இருந்தா, தங்கபுஷ்பம்னு. வேல சுத்தம்தான், வாய்தான் ஆகாது. பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பையன் வாரத்துக்கு ஒருக்க வருவான். ஒரு தடவ கண்ணச் சிமிட்டுனா ஆமா, ரெண்டு தடவ சிமிட்டுனா வேண்டாம்னு அக்காவுக்குச் சொல்லிக் குடுத்திருந்தானாம். அத இவ பிடிச்சுக்கிட்டா. தெனம் நான் போன எடுத்தா, 'அம்மா, அவங்க ரெண்டு தடவ சிமிட்டுதாங்க, வேண்டாங்காங்க'ன்னு நிப்பா. நான் கேக்கேன், அறுவது எழுவது வருசமாக் கூட இருக்கவ நானா, நேத்து வந்த நீயா? கண்ணு காஞ்சிருந்தா மனுசங்க சிமிட்டத்தான் செய்வாங்க. ஒரு தடவ சிமிட்டுனா ஆசை, ரெண்டு தடவ சிமிட்டுனா ரொம்ப ஆசை. எனக்குத் தெரியாதா எங்கக்காவ?

குழுவுலயும் ஒரு டாக்டரு இருந்தாரு. ஒரு நாளு எல்லாரும் பாக்கிற எடத்துல எழுதுதாரு, 'இந்தம்மா ஏதோ சொல்ல முயற்சி செய்கிறார்கள், இமையைக் கவனியுங்கள்'னு. உடனே அழிச்சேன். ஆளையும் வெளிய தள்ளுனேன். நல்ல காரியம் நடக்கும்போது இப்பிடி ஒண்ணு ரெண்டு பேரு கண்ணு வைக்கத்தான் செய்வாங்க. அந்தப் பயிற்சிப் பையனையும் வர வேண்டாம்னுட்டேன். தங்கபுஷ்பம் நோயாளிய அடிக்கான்னு ஏஜென்சிக்கு ஒரு போனப் போட்டேன். இப்ப அவள எந்த வீட்டுலயும் சேக்க மாட்டேங்காவளாம். பாவம்தான். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

உன்னச் சொல்லல பிள்ள. நீ அடக்கமான பிள்ள, பாத்தாலே தெரியுது.

இப்ப வீம்புக்குக் காரணம் என்னன்னு சொல்லுதேன், கேளு. போன வாரம் அக்கா படத்துக்குக் கீழ புதுசா ஒருத்தரு எழுதியிருக்காரு. 'யார் இந்த அம்மா? பாவம். ஒரு காலத்தில் அழகாக இருந்திருப்பார்களோ என்னவோ.' கூட ஒரு இதயம். யாரு இதுன்னு பேரத் தொட்டு உள்ள போயிப் பாத்தா, தலை முழுக்க வழுக்க, மடியில பேரப் பிள்ள, பெங்களூர் அட்ரஸு. முந்தி எங்க வேல பாத்தாருன்னு போட்டிருக்கு பாரு, நம்ம ஊரு காலேஜு. தியோடர் சாரேதான். நம்ம குழுவுலதான் இவ்வளவு நாளும் சத்தங்காட்டாம இருந்திருக்காரு.

ஓடி வந்தேன். 'யக்கா, யாரு எழுதியிருக்கா தெரியுமா?'ன்னு பேரச் சொல்லி, ஒரு வார்த்த விடாம வாசிச்சேன். அவளுக்குச் சரியாக் கேக்கலையோன்னு இன்னொரு தடவயும் வாசிச்சேன். போட்டோவையும் பெருசாக்கிக் காட்டுனேன். அன்னைக்கு அழுவான்னுதான் ஒரு கையில போனத் தயாரா வச்சிருந்தேன். ஒரு சொட்டு வரல பாத்துக்கோ. அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. பொறவு கண்ண மூடுனா. அன்னைக்கு மூடுனவதான். நான் மருந்து குடுக்கும்போது தொறப்பா, துணி மாத்தும்போது தொறப்பா, போன எடுத்தா மூடிருவா. இன்னைக்குக் காலையில இருந்து எதுக்கும் தொறக்கல.

குழுவுல கேக்காவ. அம்மா ஏன் தூங்கிட்டே இருக்காங்க, ஏன் அழ மாட்டேங்காங்கன்னு. இதயமெல்லாம் கொறஞ்சு போச்சு. பேங்க் மேனேஜரு திரும்பவும் கலரு அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. நான் இத இப்பிடியே விட்டா நாளைக்கு எம் மூஞ்சிய எவன் பாப்பான்? திரும்பவும் அந்த நாலு கட்ட விரல்தான்.

அதனாலதான் இன்னைக்கு லைவ். குழு தொடங்குன நாளு வேற. ஒரு பெரிய ஆச்சரியம் வச்சிருக்கேன். அந்தா அலமாரியில சாத்தி வச்சிருக்கு பாரு, ஸ்டூடியோவுல வச்சிருந்த அக்கா படம். கடைய மூடும்போது அப்பா வாங்கிட்டு வந்து பரண்ல போட்டிருந்தாவ. மொதல்ல இதக் காட்டுவேன். இது எந்த நடிகைன்னு எல்லாரையும் கேப்பேன். ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லுவாவ. பொறவு போன இப்பிடித் திருப்பி அக்காவக் காட்டி, 'பாளையங்கோட்டை பெர்சிஸ் டீச்சர்'னு சொல்லுவேன். எப்பிடி? தியோடர் சாருக்குத் தனியா ஒரு செய்தி போட்டிருக்கேன், 'இன்று கட்டாயம் வாருங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார்'னு. வாறேன்னு கட்ட விரல் காட்டிட்டாரு.

கடைசியில ஏணிக் காட்சி. இன்னைக்கு நிறுத்தப் போறதில்ல. முடிவு வரைக்கும் போடப் போறேன். அம்பது வருசத்துக்கு மேல அவ பாக்காத முடிவு. குழுவுல நாலு நாளா விளம்பரம் குடுத்திருக்கேன். இதெல்லாம் நேத்து ராத்திரி அக்காட்ட உக்காந்து வெவரமாச் சொன்னேன். கேட்டுட்டுத்தான் இந்த வீம்பு. நல்லது செய்யப் போனா இதுதான் கூலி.

இப்ப உன் வேல என்னன்னு சொல்லுதேன். கட்டில் தலைமாட்டுல, இந்தச் செவரு ஓரமா நின்னுக்கோ. நீ படத்துல விழ மாட்ட. ரெண்டு கையையும் இப்பிடி விக்குக்குள்ள இருந்து கொண்டுவந்து, பெருவிரலால இமைய மேல தூக்கிப் பிடிச்சுக்கிடணும். மெதுவாத்தான். கண்ணாஸ்பத்திரியில மருந்து விடும்போது பிடிப்பாவல்லா, அது மாரி. விரலு தெரியாம சுருட்ட முடி மறைச்சுக்கிடும், நேத்தே நான் கண்ணாடியில பாத்துட்டேன். தலையும் ஆடாது.

என்ன பிள்ள, எந்திரிச்சிட்ட?

உக்காரு. ஒண்ணும் பாவமில்ல. எங்கக்கா, என் வீடு, நான் சொல்லுதேன். வேண்டாம்னா பைய எடுத்துட்டுப் போ, நான் பிடிச்சு வைக்கல. ஆனா ஏஜென்சியில நீ ஏன் போனன்னு கேப்பாவ. எங்கிட்டத்தான் கேப்பாவ. நான் என்ன சொல்லணுமோ சொல்லுவேன். வீட்டுல சின்னப் பிள்ள வச்சிருக்கேன்னு வரும்போதே சொன்னேல்லா? யோசிச்சுக்கோ.

அவகிட்டயே கேக்கணுமா? கேளேன். தாராளமாக் கேளு. ஏன், நான் என்ன மறைச்சா செய்தேன்? யக்கா, இந்தப் பிள்ள என்னமோ கேக்கா பாரு.

அட! தொறந்துட்டாளே! காலையில இருந்து நான் கெஞ்சுதேன், இன்னைக்கு வந்தவளுக்குத் தொறக்கா பாரு. சிமிட்டுதா. ஒண்ணு... ரெண்டு. பாத்தியா? ரெண்டு தடவ. திரும்பவும் ரெண்டு. ரொம்ப ஆசையா இருக்கா. நான் சொல்லல?

என்ன அப்பிடிப் பாக்க? மணி ஆகுது. போயி நில்லு. ஆங், அங்கனதான். விரல வையி. மூடிட்டாளா? அதுக்குத்தான உன்ன நிக்க வச்சிருக்கேன், தூக்கு. இன்னும் கொஞ்சம். ரொம்பத் தூக்காத, பயந்த மாரித் தெரியும். அம்புட்டுத்தான். கைய எதுக்குப் பின்னால இழுக்க? ஒண்ணும் ஆவாது, கொஞ்ச நேரந்தான். நான் சின்ன வயசுலயே பிடிச்சவ.

வந்துட்டு, வந்துட்டு, பேசாத.

வணக்கம் பூஞ்சோலை நண்பர்களே! எல்லாரும் நலமா? அக்காவும் உங்களைப் பார்க்க ஆவலாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஒரு போட்டி. இந்தப் படத்தில் இருக்கிற நடிகை யார்? ... வரட்டும், வரட்டும்... இல்லை... அவரும் இல்லை... மேனேஜர் சார், நீங்களே தப்பாகச் சொன்னால் எப்படி! யாருக்கும் தெரியவில்லையா? இதோ, இங்கே பாருங்கள். இவர்தான். பாளையங்கோட்டை பெர்சிஸ் டீச்சர்!

இதயம் வருது பிள்ள, எவ்வளவு இதயம் பாரு. அக்கா, தியோடர் சாரு இருக்காரு! பேரு தெரியுது! எழுதுதாரு... 'பெர்சிஸா?' அவ்வளவுதான் எழுதியிருக்காரு. 'பெர்சிஸா?'

ஆமாம் சார், பெர்சிஸேதான்! பேசாமல் இருங்கள், எல்லாரும் பாருங்கள், படம் ஓடுகிறது. இன்றைக்கு முடிவு வரைக்கும்.

நல்லாத் தூக்கிப் பிடி. கப்பலு வந்துட்டு. கூட்டம்... அந்தா வாறா... ஏணியில கால வைக்கா... திரும்பிப் பாக்கா...

எங்க போனாரு? இப்ப இருந்தாரே. பேரக் காணோம். அக்கா, தியோடர் சாரு போயிட்டாருக்கா.

வருது! பிள்ள, வருது பாரு, ரெண்டு கண்ணுலயும்! இரு, இரு, நான் இங்கனயே நிறுத்திருதேன், மிச்சத்த அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். நீ அழாத, உன் சத்தம் கேக்கும். கைய எடுக்காத. அய்ய, தொடைக்காத பிள்ள, தொடைக்காத. எல்லாரும் அதப் பாக்கத்தான வந்திருக்காவ.